ஷிப்டு வேலையோடு ஜப்பானிய மொழி: தடா, கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பெண்களுக்கு முதல் ஆறு மாதம்

ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் ஸ்ரீசிட்டி. இசுசூ, டைக்கின், கோபெல்கோ என்று ஜப்பானிய ஆலைகள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு என்று எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கம்பெனி பஸ் ஏறும் இளம்பெண்களுக்கு ஜப்பான் வெறும் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தேசம் இல்லை. சுவரில் தொங்கும் பலகையிலும், லைன் லீடர் சொல்லும் கட்டளையிலும், மாதம் ஒருமுறை வந்து பார்த்துப் போகும் பொறியாளரின் வணக்கத்திலும் அந்த மொழி இருக்கிறது. அதை முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. ஒன்றுமே தெரியாத நிலையில் தொடங்கி, நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-ஐ எழுதலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய இலக்கணத்தில் பாதி தமிழ்ப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது ஒலியும் எழுத்தும்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் எழுத்தை அவசரமாக முடித்துவிட்டு, ஒலியைக் கண்டுகொள்ளாமல், இலக்கணத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். இந்த வரிசையை மாற்றினால் வேலை எளிதாகும்.

வாங்க வேண்டியவை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு இரண்டு, 2பி பென்சில், அழிப்பான், வெள்ளை சார்ட் அட்டை ஒன்று. பாடத்துக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டிருக்கும் இரோதோரி என்ற பாடநூல் போதும். பிடிஎஃப்பும் ஒலிக்கோப்பும் அவர்கள் தளத்திலேயே இலவசம். வகுப்பில் சேர்ந்தால் அநேகமாக மின்னா நொ நிஹோங்கோ புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். அதன் முதல் பாகத்தின் 25 பாடங்களும் என்5க்குச் சரியாக இருக்கும். சொல் அட்டைகளைத் திருப்பிப் பார்க்க போனில் ஆங்கி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆண்ட்ராய்டில் இலவசம். பணம் கட்டும் செயலி எதுவும் முதல் மூன்று மாதத்துக்குத் தேவையில்லை.

எழுத்து: முதல் ஐந்து வாரம்

ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்து உண்டு. முதலாவது ஹிரகானா, அதில் அடிப்படை எழுத்து 46. ஜப்பானியச் சொற்களும் உருபுகளும் இதில் வரும். கத்தகானாவும் அதே 46 ஒலிதான், வடிவம் மட்டும் வேறு. வெளிநாட்டுச் சொற்களையும் உங்கள் பெயரையும் அதில் எழுதுவார்கள். மூன்றாவது கன்ஜி, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து. என்5க்கு ஏறக்குறைய நூறு கன்ஜி தெரிந்தால் போதும், அதை மூன்றாவது மாதம் தொடங்கலாம்.

நாளுக்கு ஒரு வரிசை, அதாவது ஐந்து எழுத்து. அ, இ, உ, எ, ஒ வரிசை முதல் நாள், க வரிசை இரண்டாம் நாள் என்று போனால் பத்து நாளில் ஹிரகானா முடியும். அடுத்த நான்கு நாள் புது எழுத்து வேண்டாம், திருப்புதல் மட்டும். பிறகு கத்தகானாவுக்கு மூன்று வாரம் கொடுங்கள். எழுத்து ஹிரகானாவை விட எளிதாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் மறக்கும்.

நோட்டில் நான்கு சிறு கட்டத்தைச் சேர்த்து ஓர் எழுத்துக்கான பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓடும் குறுக்குக்கோடும் நெடுங்கோடும் எழுத்தின் எந்தப் பகுதி எந்த மூலையில் விழ வேண்டும் என்று காட்டும். ஒவ்வொரு கோட்டின் முடிவையும் கவனியுங்கள். முடிவு மூன்று வகை. அழுத்தி நிறுத்துவது தொமெ, கொக்கி போலச் சுண்டுவது ஹனெ, இழுத்துத் தேய்ந்து விடுவது ஹராய். பால்பாயிண்ட் பேனாவில் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது, அதனால்தான் 2பி பென்சில். கோடு போடும் வரிசையையும் முதல் நாளே சரியாகப் பழகுங்கள். தப்பான வரிசை கையில் பதிந்துவிட்டால் வேகமாக எழுதும்போது எழுத்தே வேறாகத் தெரியும்.

எல்லோரும் குழம்பும் இடம் கத்தகானாவின் ஷியும் த்ஸுவும். ஷியில் இரண்டு சிறு கோடுகள் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீளக்கோடு கீழிருந்து மேலே போகும். த்ஸுவில் சிறு கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீளக்கோடு மேலிருந்து கீழே இறங்கும். ன், ஸொ இரண்டுக்கும் இதே விதி, சிறு கோடு மட்டும் ஒன்று. கண்ணால் பார்த்துப் பிரிக்க முயலாதீர்கள். பத்து முறை எழுதினால் கை பிரித்துக் காட்டிவிடும்.

பெயரைக் கத்தகானாவில் எழுதும்போது ல, ள, ழ மூன்றும் ரகர வரிசைக்குப் போகும். கடைசி மெய்யோடு உகரம் சேரும். மலர் என்ற பெயர் ம-ர-ரு ஆகும்.

ஒலி: இங்கேதான் தமிழ் காலை வாரும்

ஜப்பானிய உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் தமிழில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் ஒலிக்கோப்பில் கேட்ட பிறகே வாயில் போடுங்கள்.

காரணம் இது. தமிழில் க, த, ப எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும், நடுவில் மென்மையாகவும், மெல்லினத்துக்குப் பின்னால் தொண்டை அதிர்வோடும் வரும். ‘பங்கு’ என்பதிலுள்ள கு வேறு, ‘குடம்’ என்பதிலுள்ள கு வேறு. தமிழ் வாய் இதைத் தானாகவே செய்யும். ஜப்பானியத்தில் இந்த மாற்றம் கூடாது. க வரிசையும், அதன் மேல் இரண்டு சிறு கோடு போட்ட அதிர்வொலி வரிசையும் அங்கே தனித்தனி எழுத்துகள். கின் என்று வன்மையாகச் சொன்னால் தங்கம், அதையே அதிர்வோடு சொன்னால் வெள்ளி.

அதனால் தமிழர் வாயில் வழக்கமாகக் கெடும் சொற்கள் சில உண்டு. ‘நலமா’ என்பதற்கான கென்கி என்ற சொல்லில் முதல் ககரம் அதிரும், இரண்டாவது அதிராது. நாம் இரண்டையும் அதிர வைத்து, ‘எங்கே’ என்பதில் வரும் ங்க மாதிரி சொல்லிவிடுவோம். தென்கி (வானிலை), ஸன்பொ (உலாவுதல்) ஆகியவற்றிலும் இதே தவறு. வதாஷி (நான்) என்ற சொல்லின் தாவை ‘விதை’யில் வருகிற மாதிரி மென்மையாக்குவதும் வழக்கம்.

சரிசெய்ய ஒரு பயிற்சி. இரண்டு விரலைத் தொண்டையில் வையுங்கள். கென்கி என்று மெதுவாகச் சொல்லும்போது ன் வரை அதிர்வு இருக்கும். அடுத்த க்-இல் அது ஒரு கணம் நிற்க வேண்டும், பிறகு இகரத்தில் மீண்டும் வர வேண்டும். நிற்கவில்லை என்றால் தப்பு. இப்படிப் பத்துச் சொல்லைத் தினமும் ஐந்து நிமிடம், மூன்று வாரம் செய்தால் வாய் பழகும்.

எல்லைப் பக்கத்தில் இருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. தெலுங்கு எழுத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் முதல் இரண்டு வாரம் உச்சரிப்புக் குறிப்பைத் தெலுங்கில் எழுதிக்கொள்ளலாம். பேச மட்டும் தெரிந்தாலும் காது இதற்கு ஓரளவு தயாராகத்தான் இருக்கும்.

நெடில் குறிலில் நமக்குச் சிக்கல் இல்லை. ஒபஸன் அத்தை, ஒபாஸன் பாட்டி. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே: கிதெ ‘வந்து’, கித்தெ தபால்தலை. மாத்திரைக் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ன் என்பதற்கும், இரட்டிப்பின் முதல் ஒற்றுக்கும் ஒரு முழு மாத்திரை. கொன்னிசிவா என்பதை கொ-ன்-னி-சி-வ என்று ஐந்து தட்டாகத் தட்ட வேண்டும். நிப்பொன் நான்கு தட்டு. தொடையில் தாளம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். தெஸு, மஸு என்று முடியும் சொற்களில் கடைசி உகரம் பேச்சில் தேய்ந்து தெஸ், மஸ் என்றே கேட்கும்.

இலக்கணம்: ஏற்கெனவே கையில் இருப்பது

எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை அப்படியே தமிழ்தான். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஐ என்ற உருபுக்கு ஒ, ‘உடைய’ என்பதற்கு நொ, ‘இருந்து’ என்பதற்கு கரா, ‘வரை’ என்பதற்கு மதெ, ‘உம்’ என்பதற்கு மொ. கேள்விக்கு வாக்கியக் கடைசியில் க சேர்த்தால் போதும், நாம் ஆகாரம் சேர்ப்பது போல. ‘என்று நினைக்கிறேன்’ என்பதில் வரும் ‘என்று’ அங்கே தொ. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிப்பவர்கள் இதற்காகப் படும் பாட்டைப் பார்த்தால், தமிழ் வழியாகப் படிப்பதன் அருமை தெரியும். அதனால் ஆங்கில விளக்கத்தைப் படித்தாலும், எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள்.

நமக்குக் கிடைக்கும் பெரிய பரிசு தெ வடிவம். இது நம் வினையெச்சம். தபெதெ என்றால் ‘சாப்பிட்டு’. மிரு என்றால் பார். தபெதெ மிமஸ் என்பது ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’, அதாவது ருசி பார்க்கிறேன். ஒகு என்றால் வை. கத்தெ ஒகிமஸ் என்பது ‘வாங்கி வைக்கிறேன்’. தபெதெ ஷிமைமஷ்தா என்றால் ‘சாப்பிட்டுவிட்டேன்’. துணைவினை சேரும் முறையும், அது தரும் பொருளும் இந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரு மொழிக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. படிப்பவருக்கு அந்த விவாதம் தேவையில்லை, ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

தெ வடிவம் ஆக்கும் விதியை மட்டும் மனப்பாடம் செய்தே தீர வேண்டும். பாடநூல்கள் வினைகளைக் குழுக்களாகப் பிரித்திருக்கும். இரு, எரு என்று முடிந்து இரண்டாம் குழுவில் வரும் வினைகளுக்கு ருவை எடுத்துவிட்டு தெ. முதல் குழுவில் உ, த்ஸு, ரு என்று முடிந்தால் த்தெ. மு, பு, நு என்று முடிந்தால் ந்தெ. கு என்று முடிந்தால் இதெ, அதே கு அதிர்ந்தால் தெயும் அதிரும். ஸு என்று முடிந்தால் ஷிதெ. ‘போ’ என்ற இகு மட்டும் விலக்கு, இத்தெ ஆகும். மின்னா நொ நிஹோங்கோவில் இது 14-ஆம் பாடம். நிறையப் பேர் படிப்பை நிறுத்துவதும் இந்தப் பாடத்தில்தான். இதற்கென்று முழுதாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

தமிழை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. ‘எனக்கு ஜப்பான் பிடிக்கும்’ என்பதை அப்படியே மாற்றி வதாஷி நி என்று தொடங்கினால் தவறு. வதாஷி வ நிஹொன் க ஸுகி தெஸ் என்றுதான் வரும், அந்த கவை அதிர்வோடு சொல்ல வேண்டும். அடுத்தது ‘இல்’. நமக்கு இடத்துக்கு ஒரே உருபுதான், அவர்களுக்கு இரண்டு. ஒரு செயல் நடக்கும் இடத்துக்கு தெ (அதிர்வோடு), இருக்கும் இடத்துக்கு நி. ‘ஆலையில் வேலை பார்க்கிறேன்’ என்பதற்கு கோஜோ தெ ஹதராய்தெ இமஸ். ‘ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன்’ என்பதற்கு ர்யோ நி ஸுந்தெ இமஸ். இந்த இரண்டு வாக்கியத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘இருக்கிறது’ என்பதற்கும் இரண்டு சொல்: மனிதருக்கும் விலங்குக்கும் இமஸ், மற்றதற்கு அரிமஸ். உயர்திணை, அஃறிணை என்று பிரித்தால் தவறும். நாயும் பூனையும் அங்கே இமஸ் பக்கம்.

ஷிப்டு வாரத்தில் எப்படிப் படிப்பது

ஷிப்டு மாற மாற நேரமும் மாறும். அதனால் ‘தினமும் இத்தனை மணிக்குப் படிப்பேன்’ என்று வைத்தால் இரண்டாவது வாரமே உடையும். நேரத்தோடு கட்டாமல், செயலோடு கட்டுங்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் காது வேலை: அன்றைய பாடத்தின் ஒலிக்கோப்பை இயர்போனில் போட்டு, உதடு மட்டும் அசைத்துப் பின்தொடருங்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் கை வேலை: இருபத்தைந்து நிமிடம் நோட்டு. படுக்கும் முன் ஆங்கியில் பத்து நிமிடம்.

புதுப் பாடத்தைக் காலை ஷிப்டு வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள், பழைய அட்டைகளைத் திருப்பினால் போதும். தூக்கம் கெட்ட தலையில் ஏற்றிய புதுச்சொல் நிற்காது. அதைச் சாக்காக வைத்து மனமும் விட்டுப்போகும். ஓவர்டைம் வந்த நாளில் ஒலிக்கோப்பு மட்டும்.

ஆலைக்குள் போன் அனுமதி இல்லாத இடங்களுக்கு சார்ட் அட்டை உதவும். தீப்பெட்டி அளவில் வெட்டி, ஒரு பக்கம் ஜப்பானியம், மறுபக்கம் தமிழ். ஐந்து அட்டையை கேன்டீன் இடைவேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். லைனுக்குள் கொண்டுபோக வேண்டாம். உதிரிக் காகிதம் பொருளில் விழுந்தால் அது தரக்குறைபாடு.

வேலை இடத்தில் உடனே பயன்படும் சொற்கள்

பலகையில் தினமும் பார்க்கும் 5எஸ், அதாவது வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் ஐந்து விதி: ஸெய்ரி (வேண்டாததை நீக்குவது), ஸெய்தொன் (வேண்டியதை இடம் குறித்து வைப்பது), ஸெய்ஸோ (துடைத்துச் சுத்தமாக்குவது), ஸெய்கெத்ஸு (இந்த மூன்றும் குலையாமல் காப்பது), ஷித்ஸுகெ (அதைப் பழக்கமாக்குவது). ஹோரென்ஸோ என்று கேட்டால் அது மூன்று சொல்லின் சுருக்கம்: ஹோகொகு (தகவல் சொல்), ரென்ரகு (தெரிவி), ஸோதன் (கலந்து கேள்). ஃபுர்யோ குறைபாடு, கென்ஸ பரிசோதனை, ஸங்யோ ஓவர்டைம், க்யூகெய் இடைவேளை, யகின் இரவு வேலை. அபுனாய் என்று யாராவது கத்தினால் பொருளை யோசிக்காமல் கையை எடுங்கள். ஆபத்து என்று அர்த்தம்.

வேலை முடிந்து கிளம்பும்போது ‘உழைத்துக் களைத்திருப்பீர்கள்’ என்ற பொருளில் ஒத்ஸுகரெஸம தெஸ் என்று சொல்வார்கள். கொகுரோஸம என்று இன்னொன்று உண்டு. அது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது, மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். ஸன் மரியாதைச் சேர்க்கை. பிறர் பெயரோடு சேர்க்கலாம், தன் பெயரோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. பெயர் அட்டை கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு நொடி படித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அனிமே பார்த்து மொழியை விரும்பியவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒரெ (நான்), ஒமாயெ, தெமே (நீ) போன்ற சொற்கள் கதைக்குள் கம்பீரமாக இருக்கும், வேலை இடத்தில் பேசினால் மரியாதைக் குறைவு. தெஸ், மஸ் என்று முடியும் பேச்சையே முதல் ஆண்டு முழுக்கப் பேசுங்கள். அனிமேவை விட வேண்டியதில்லை. பள்ளி, கடை, அலுவலகம் வரும் காட்சியில் மூன்று நிமிடத்தை எடுத்து, முதலில் திரையின் அடியில் ஓடும் எழுத்தில்லாமல், அடுத்து ஜப்பானிய எழுத்தோடு, மறுபடி எழுத்தில்லாமல் கேட்டு, கூடவே சொல்லுங்கள். முழுத்தொடரை மொழிபெயர்ப்போடு பார்ப்பது பொழுதுபோக்கு. அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செலவுக் கணக்கை ஜப்பானியத்தில் எழுதுங்கள்

ககெய்போ என்ற வீட்டுக் கணக்கேட்டை 1904-இல் ஹனி மொதொகோ என்ற பெண் பத்திரிகையாளர் வெளியிட்டார். அந்தப் பழக்கம் இன்றும் ஜப்பானில் இருக்கிறது. எண், தேதி, கடைச்சொல் மூன்றையும் ஒருசேரப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. தினமும் தேதி, மூன்று செலவு, கடைசியில் ஒரு வரி: இன்று என்ன செய்தேன். அவ்வளவுதான்.

எண்ணில் கவனிக்க வேண்டியது பத்தாயிரம். நாம் ஆயிரம், லட்சம் என்று எண்ணுகிறோம். அவர்கள் மன் என்ற பத்தாயிரத்தை அடிப்படையாக வைத்து எண்ணுவார்கள். சம்பளம் 15,000 என்றால் இச்சி மன் கொ ஸென், அதாவது ஒரு மன்னும் ஐயாயிரமும். ஒரு லட்சம் ஜூ மன், பத்து மன். சேமிப்பு 1,20,000 என்றால் ஜூ நி மன். உருமாறும் எண்களைத் தனியாக எழுதி வையுங்கள்: 300 ஸன்ப்யகு, 600 ரொப்ப்யகு, 800 ஹப்ப்யகு, 3,000 ஸன்ஸென், 8,000 ஹஸ்ஸென். இதில் 300, 3,000 இரண்டிலும் ன்-க்குப் பின்வரும் ஒலி அதிரும்.

தேர்வு

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. நமக்குப் பக்கத்து மையம் சென்னை. அங்கே நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு. விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே திறந்து மூடிவிடும். அதனால் ஜூலைக்கு எழுதுபவர்கள் மார்ச்சிலிருந்தும், டிசம்பருக்கு எழுதுபவர்கள் ஆகஸ்டிலிருந்தும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தேர்வு நாளன்று ஷிப்டு விழாதபடி சூப்பர்வைசரிடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். முந்தைய இரவு வேலை செய்துவிட்டு நேராகத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

என்5இல் சொற்பகுதி 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40, கேட்டல் 30. மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 80. ஆனால் மொத்தம் மட்டும் போதாது. மொழியறிவு-வாசிப்பில் 120-க்கு 38, கேட்டலில் 60-க்கு 19 கண்டிப்பாக வேண்டும். மொத்தம் 100 வாங்கியும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். பேச்சும் எழுத்தும் கிடையாது, எல்லாம் வட்டம் நிரப்புவது. ஒலி ஒருமுறைதான் ஓடும். ஒரு கேள்வி தவறினால் யோசிக்காமல் ஏதோ ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறியதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டும் சேர்ந்து போகும். கடைசி மூன்று வாரம் மாதிரித் தேர்வை இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேளுங்கள், தேர்வறையில் அப்படித்தான் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் குறைவு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே முந்தைய நாளே சென்னைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. ஹால் டிக்கெட், அசல் அடையாள அட்டை, இரண்டு பென்சில், அழிப்பான், கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பையில் எடுத்து வையுங்கள். போனை அணைத்து வைக்க வேண்டும், ஒலித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

என்5 வந்ததும் ‘ஜப்பானில் வேலை’ என்று பணம் கேட்டு ஆட்கள் வருவார்கள். குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு என்5 போதாது. பொதுவாக ஜேஎஃப்டி-பேசிக் என்ற இன்னொரு ஜப்பானிய மொழித் தேர்வில் அல்லது என்5-க்கு அடுத்த நிலையான என்4-இல் தேர்ச்சி வேண்டும், அந்தத் தொழிலுக்கான திறன் தேர்வும் வேண்டும். ஏஜென்ட் வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், பாஸ்போர்ட்டையும் கொடுக்க வேண்டாம்.